தும்பையின் காதும் மூக்கும்: பூனைத் தோல் புற்றில் மார்க்கர்களை எவ்வளவு நம்பலாம்

தும்பை, வயது 11, கருத்தடை செய்த பெண் பூனை, நாட்டு ரகம், எடை 3.4 கிலோ. வால் நுனியில் ஒரு சாம்பல் திட்டு, மற்றபடி உடம்பு முழுக்க வெள்ளை. ஊர் தூத்துக்குடி. வளர்ப்பவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறார். பூனையின் பெயரையும் வீட்டாரைப் பற்றிய ஒன்றிரண்டு அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன்.

இடது காது நுனியில் எட்டு மாதமாக ஆறாத புண் என்று சொல்லித்தான் கொண்டு வந்தார்கள். முதலில் சின்னதாக ஒரு பொருக்கு. அது உதிரும், கீழே சிவப்பாகப் பளபளக்கும், ரெண்டு வாரத்தில் மறுபடி பொருக்குக் கட்டும். தெருப்பூனையோடு சண்டை போட்ட கீறல் என்று நினைத்து மஞ்சள் வைத்திருக்கிறார்கள். அப்புறம் வேறொரு இடத்தில் காட்டியதில் சொறி என்று சொல்லி ஊசி போட்டு, ஆன்டிபயாடிக் களிம்பும் கொடுத்திருக்கிறார்கள். கொஞ்ச நாள் அடங்கின மாதிரி இருந்ததாம், அவ்வளவுதான். என்னிடம் வந்தபோது காது நுனியே கரைய ஆரம்பித்திருந்தது. தலையை உதறும்போதெல்லாம் சுவரில் ரத்தப்புள்ளி தெறிக்கிறது, துடைத்துத் துடைத்து அலுத்துப்போய்த்தான் ஆட்டோ பிடித்தேன் என்றார் அந்த அம்மா. மூக்கிலும் ஒரு பொருக்கு இருந்ததை யாரும் கணக்கிலேயே எடுக்கவில்லை, பால் குடித்துக் காய்ந்தது என்று நினைத்திருக்கிறார்கள்.

வெள்ளைப் பூனை, காது நுனி, மாதக்கணக்கில் ஆறாத புண். இந்த மூன்றும் சேர்ந்து மேசைக்கு வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஸ்குவாமஸ் செல் கார்சினோமா, அதாவது தோலின் மேலடுக்குச் செதில் செல்களில் தொடங்கும் புற்று. இதற்கும் வெயிலுக்கும் உள்ள தொடர்பு புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. 1971-லேயே அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு, வெள்ளைப் பூனைகளுக்குத் தோலில் இந்தப் புற்று வரும் வாய்ப்பு மற்ற நிறப் பூனைகளைவிட 13.4 மடங்கு அதிகம் என்று கணக்கிட்டது. காது மடல், மூக்கு நுனி, கண் இமை, கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் முடி அடர்த்தி இல்லாத அந்தப் பட்டை என்று வெயில் நேராகத் தோலில் விழும் இடங்களில்தான் வரும். அங்கே முடியும் குறைவு, வெள்ளைப் பூனைக்கு நிறமியும் கிடையாது. புற ஊதாக் கதிர் செல்லின் மரபணுவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கும். முதலில் வெறும் சிவப்பும் செதிலும், பிறகு மேலடுக்குக்குள்ளேயே அடங்கிய புற்று, அதன்பின் அடித்தோலுக்குள் இறங்கும் புற்று என்று வருடக்கணக்கில் நகரும் விவகாரம் இது. தூத்துக்குடி வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. தும்பை தினமும் காலை டிபன் முடிந்ததும் மொட்டைமாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டி மூடி மேல் படுத்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் இறங்குமாம். பதினோரு வருட வழக்கம்.

பரிசோதனையில் கண்டது இது. இடது காது நுனியில் 1.4 செ.மீ. அகலத்துக்குக் குழிந்த புண், ஓரம் தடித்து உருண்டிருந்தது, தொட்டால் கசிந்தது. வலது காதில் புண் இல்லை, ஆனால் விளிம்பு முழுக்கச் சிவந்து, செதில் செதிலாக உரிந்து, லேசாக உள்பக்கம் சுருண்டிருந்தது. மூக்கு நுனியில் இடது துவாரத்துக்கு மேலே 4 மி.மீ. அளவில் தட்டையான பொருக்கு, ஈரப்பஞ்சால் ஒற்றி எடுத்ததும் அடியில் ஆழம் இல்லாத இளஞ்சிவப்புப் புண் தெரிந்தது. தாடைக்கடியில் இடதுபக்க நிணநீர்க்கணு கையில் கொஞ்சம் தட்டுப்பட்டது, ஊசி போட்டு உறிஞ்சிப் பார்த்ததில் புற்றுச் செல் இல்லை, பக்கத்துப் புண்ணின் அழற்சிக்கு வீங்கியதுதான். நெஞ்சு எக்ஸ்ரே மூன்று கோணத்தில் எடுத்தோம், சுத்தம். பூனை எய்ட்ஸ், பூனை லுக்கேமியா ரேப்பிட் டெஸ்ட் இரண்டும் நெகட்டிவ். சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.5. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

மகள் போனில் கேட்ட முதல் கேள்வி, "டாக்டர், ரத்தத்துல கேன்சர் மார்க்கர் பார்த்துடலாமா?" நியாயமான கேள்விதான். மனிதர்களுக்குப் பிராஸ்டேட்டுக்கு ஒன்று, சினைப்பைக் கட்டிக்கு ஒன்று என்று ரத்தப் பரிசோதனைகள் இருப்பதை எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறார்கள். பூனையின் தோல் புற்றுக்கு அப்படி நம்பிப் பயன்படுத்தக்கூடிய ரத்த மார்க்கர் எதுவும் கிடையாது. இந்த நோயில் மார்க்கர் என்று பேசினால் அது வெட்டியெடுத்த திசுவில் பார்ப்பது. மெல்லிய சீவலாக்கிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, குறிப்பிட்ட ஒரு புரதத்தில் மட்டும் போய் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடியை ஊற்றி, அது ஒட்டிய இடம் பழுப்பாகத் தெரியும்படி செய்வார்கள். இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி என்பது இதுதான். ஆகவே எப்படியும் முதலில் கத்தி, அப்புறம்தான் மார்க்கர்.

வெட்டியது

காதில் சிறு துண்டெடுத்துப் பார்த்துவிட்டுப் பிறகு வெட்டலாமா, நேரே வெட்டலாமா என்று யோசிக்க அதிகம் இல்லை. கண்ணாடித் தகட்டை அந்தப் புண்ணில் ஒற்றி எடுத்ததிலேயே சந்தேகப்படும்படியான செதில் செல்கள் தெரிந்தன, வலது காதும் அதே பாதையில் போய்க்கொண்டிருந்தது. ஒரே மயக்கத்தில் இரண்டு காது மடலையும் குறைப்பது, மூக்கில் பஞ்ச் பயாப்ஸி, அதாவது சின்ன வட்டத் துண்டு, எடுப்பது என்று முடிவு செய்தோம். "காதே இல்லாம எப்படி டாக்டர் இருக்கும், பாக்கிறவங்க என்ன சொல்வாங்க?" என்று அம்மா கலங்கினார். மடல் போனாலும் காது கேட்கும், முடி வளர்ந்ததும் கரடிக்குட்டி முகம் மாதிரி ஆகிவிடும் என்று முன்பு செய்த பூனைகளின் படங்களைக் காட்டினேன். படம் பார்த்தால் பயம் பாதி குறைகிறது, பேச்சில் குறைவதில்லை.

செய்முறையில் ஒரு சின்ன விஷயம், இளம் மருத்துவர்களுக்காகச் சொல்கிறேன். காது மடலில் உள்பக்கத் தோல் குருத்தெலும்போடு இறுக்கமாக ஒட்டியிருக்கும், இழுத்தால் வராது. வெளிப்பக்கத் தோல் வழுக்கி வரும். அதனால் மூன்றையும் ஒரே மட்டமாக வெட்டினால் தைக்கும்போது குருத்தெலும்பின் வெள்ளை விளிம்பு துருத்திக்கொண்டு நிற்கும், அந்த இடம் ஆறாமல் இழுத்தடிக்கும். குருத்தெலும்பை ஒன்றிரண்டு மி.மீ. கூடுதலாகச் சீவிவிட்டு, வெளித்தோலை அதன் மேல் மடித்துக் கொண்டுவந்து உள்தோலோடு தைத்தால் அழகாக மூடிக்கொள்ளும். புண்ணிலிருந்து 1 செ.மீ. தள்ளி வெட்டினோம். வெட்டிய துண்டை ஃபார்மலினில் போடுவதற்கு முன் வெட்டு விளிம்பில் மை தடவ வேண்டும். மை இல்லாமல் போனால் எது நாம் வெட்டிய விளிம்பு, எது லேபில் வெட்டிய விளிம்பு என்று திசுவைப் பார்க்கும் பேத்தாலஜிஸ்டுக்குத் தெரியாது. பின்னால் பேசப்போகும் எல்லா மார்க்கரையும்விட அந்த ஒரு கோடு மை முக்கியம் என்பது என் அபிப்பிராயம்.

ஸ்லைடு அறிக்கை பத்து நாளில் வந்தது. இடது காது: நடுத்தர முதிர்ச்சி கொண்ட ஸ்குவாமஸ் செல் கார்சினோமா, அங்கங்கே கெரட்டின் முத்துகள், அடித்தோலைத் தாண்டிக் குருத்தெலும்பு வரை ஊடுருவல், மை தடவிய விளிம்பிலிருந்து கட்டி 6 மி.மீ. தள்ளி. ரத்தக்குழாய்க்குள்ளோ நிணநாளத்துக்குள்ளோ புற்றுச்செல் இல்லை. சுற்றியுள்ள தோலில் வருடக்கணக்கான வெயில் சேதம். வலது காது: வெயிலால் வந்த முன்புற்று நிலை, ஓரிடத்தில் மேலடுக்குக்குள் அடங்கிய புற்று, விளிம்பு சுத்தம். மூக்கு: பெரும்பகுதி மேலடுக்குக்குள்ளேயே, ஒரே ஒரு முனையில் மட்டும் அடித்தோலுக்குள் எட்டிப்பார்க்க ஆரம்பித்திருக்கிறது. மேலே வீங்கி வெளுத்த செல்கள் சில தெரிகின்றன, மருக்களை உண்டாக்கும் பாப்பிலோமா வைரஸ் இருக்கலாம், பி16 சாயம் போட்டுப் பார்க்கவும் என்று பேத்தாலஜிஸ்ட் எழுதியிருந்தார்.

இங்கே ஒரு வேடிக்கை. உலக சுகாதார நிறுவனத்தின் பழைய பிரிவுப்படி கட்டி 2 செ.மீ.க்குக் குறைந்து மேலோட்டமாக இருந்தால் டி1, 2 முதல் 5 வரை அல்லது லேசாக ஊடுருவினால் டி2, 5-க்கு மேல் அல்லது தோலடித் திசுவுக்குள் போனால் டி3, தசை, எலும்பு, குருத்தெலும்பு என்று வேறு திசுவைத் தொட்டால் டி4. தும்பையின் காதுக்கட்டி அளவில் டி1, ஆனால் குருத்தெலும்பைத் தொட்டதால் காகிதத்தில் டி4. காது மடலில் தோலுக்குக் கீழே குருத்தெலும்பு கிட்டத்தட்ட உடனே வந்துவிடும், கொஞ்சம் வளர்ந்த எந்தக் கட்டியும் அதைத் தொடும். அதையே மூக்கில் டி4 என்றால் உள்ளே எலும்பு வரை போய்விட்டது என்று அர்த்தம், வெட்ட இடம் இருக்காது. ஒரே எண், இரண்டு வேறு விதி. இணையத்தில் "டி4" என்று தேடிப் பார்த்துவிட்டு மகள் ராத்திரி பத்தரைக்கு அழைத்ததற்கு அவரைக் குறை சொல்ல முடியாது.

நான்கு மார்க்கர், இரண்டு புண்

வழக்கமாக நான் இந்தச் செலவுக்கு அழுத்திச் சொல்வதில்லை. மூக்கு விஷயத்தில் பி16 கேட்கக் காரணம் இருந்தது, மகளும் செலவு பரவாயில்லை, முழுசாகப் பார்த்துவிடுங்கள் என்றார். அதனால் இரண்டு புண்ணுக்கும் பி53, கேஐ-67, ஈ.ஜி.எஃப்.ஆர்., பி16 நான்கும் போட்டோம். ஒரே உடம்பில், ஒரே வயதில், ஒரே வெயிலில் இருந்த இரண்டு புண்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கிடைப்பது அபூர்வம், அதற்காகத்தான் இந்தக் குறிப்பையே எழுதுகிறேன்.

பி53 என்பது செல்லின் மரபணு சிதைந்தால் பிரிவதை நிறுத்தும் காவல் புரதம். அதன் மரபணுவே கெட்டுப்போனால் வேலை செய்யாத புரதம் சிதையாமல் உட்கருவில் சேர்ந்துகொள்ளும், சாயத்தில் அடர்பழுப்பாகத் தெரியும். காதில் பெரும்பாலான உட்கருக்கள் அப்படித்தான் இருந்தன, மூக்கில் அங்கொன்றும் இங்கொன்றும். வெயிலால் வந்த பூனைப் புற்றுகளில் இது பரவலாகக் காணப்படும், இன்னும் புற்றாகாத முன்நிலைத் தோலில்கூடத் தெரியும். ஆகவே வெயில்தான் காரணம் என்பதற்கு இது நல்ல சாட்சி. ஆயுளைப் பற்றி இதிலிருந்து எதையும் நான் சொல்ல மாட்டேன்.

கேஐ-67தான் எல்லோரையும் பயமுறுத்தும் எண். செல் ஓய்வில் இருக்கும்போது இந்தப் புரதம் இருக்காது, பிரிவதற்கான சுழற்சியில் இறங்கிவிட்டால் உட்கருவில் தெரியும். எத்தனை சதவீத உட்கருக்களில் இருக்கிறது என்று எண்ணிச் சொல்வார்கள். தும்பையின் காதில் 38, மூக்கில் 46. பார்த்ததும் மூக்குதான் மோசம் என்று தோன்றும், மகளும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். உண்மையில் மூக்குப் புண் இன்னும் மேலடுக்கைவிட்டு முழுசாக இறங்கவே இல்லை, காதுக்கட்டியோ குருத்தெலும்பை அரித்துக்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்டில் எத்தனை வண்டி இன்ஜினை ஓடவிட்டு நிற்கிறது என்று எண்ணுவது மாதிரிதான் இது, எந்த வண்டி ஊர் தாண்டிப் போகும் என்று அந்த எண்ணிக்கையில் தெரியாது. வைரஸ் புகுந்த செல்லை அந்த வைரஸே சுழற்சிக்குள் தள்ளிவிடும், அதனால் அப்படிப்பட்ட புண்ணில் கேஐ-67 உயர்ந்துதான் இருக்கும். தவிர, ஸ்லைடில் அடர்த்தியான இடத்தைப் பார்த்து எண்ணினால் ஒரு எண், மொத்தமாகச் சராசரி எடுத்தால் வேறொரு எண். எப்படி எண்ணினார்கள் என்று அறிக்கையில் இல்லாவிட்டால் அந்தச் சதவீதத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. கதிர்வீச்சு கொடுக்கும் பூனைகளில் கதை இன்னும் சிக்கல், ஏனென்றால் வேகமாகப் பிரியும் செல் கதிர்வீச்சுக்குச் சுலபமாக மடியக்கூடியதும்கூட. 1995-ல் கலிபோர்னியாவில் மூக்கு நுனிப் புற்றுக்குக் கதிர்வீச்சு பெற்ற 90 பூனைகளைப் பார்த்த ஆய்வில் கட்டியின் டி-நிலையோடு பி.சி.என்.ஏ. என்ற இன்னொரு பிரிதல் மார்க்கருக்கும் விளைவோடு தொடர்பு இருந்தது. அந்தத் தொடர்பைக் கதிர்வீச்சே பெறாத ஒரு பூனைக்கு அப்படியே தூக்கிப் பொருத்த முடியாது.

ஈ.ஜி.எஃப்.ஆர். செல்லின் மேல்சுவரில் இருக்கும் வளர்ச்சி ஏற்பி. 2010-ல் இத்தாலிய ஆராய்ச்சியாளர்கள் பூனைகளின் தோல் செதில்செல் புற்றில் இது வெளிப்பட்டால் முன்கணிப்பு மோசம் என்று எழுதினார்கள். தும்பையின் காதில் பாசிட்டிவ், மூக்கில் மங்கல். சரி, இதை வைத்து என்ன செய்வது? அது சிறிய ஆய்வு. விளிம்பு சுத்தமாக வெட்டப்பட்ட காதில் அந்த ஏற்பி இருந்த திசுவே இப்போது ஃபார்மலின் டப்பாவில் இருக்கிறது. வெட்ட முடியாத இடமாக இருந்திருந்தால் அந்த பாசிட்டிவ் என்னைக் கவலைப்பட வைத்திருக்கும்.

பி16தான் இந்தக் கதையில் உருப்படியாக ஏதோ சொன்னது. சாதாரணமாக இது செல் பிரிவதற்குப் பிரேக் போடும் புரதம். பாப்பிலோமா வைரஸின் ஈ7 என்ற புரதம் இன்னொரு காவல் புரதமான ஆர்.பி.யை முடக்கிவிடும். ஆர்.பி. போனதும் செல் பதறிப்போய் பி16-ஐ அள்ளி உற்பத்தி செய்யும், ஆனால் அந்தப் பிரேக் பிடிக்க வேண்டிய சக்கரமே கழன்றுவிட்டதால் பயன் இருக்காது. எனவே ஒரு புண் முழுக்க, உட்கருவிலும் சுற்றிலும், பி16 கரும்பழுப்பாக நிறைந்திருந்தால் வைரஸின் கை இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். மனிதர்களின் தொண்டைப் புற்றில் இதே தர்க்கம்தான், பி16 பாசிட்டிவ் என்றால் பிழைக்கும் வாய்ப்பு கூடுதல். பூனையில் இதைத் தோண்டியவர் நியூசிலாந்து மாசி பல்கலைக்கழகத்தின் ஜான் மண்டே. அவரும் உடன் பணிசெய்தவர்களும் 2013-ல் வெளியிட்டதன்படி, மூக்கு நுனிப் புற்றில் பி16 இருந்த பூனைகள் இல்லாத பூனைகளைவிட நீண்ட நாள் வாழ்ந்தன, அந்தக் கட்டிகளில் பாப்பிலோமா வைரஸ் டி.என்.ஏ. இருப்பதும் சேர்ந்தே காணப்பட்டது.

தும்பையின் மூக்கில் பி16 முழுக்க, அடித்தளத்திலிருந்து மேல்வரை. காதில் சுத்தமாக இல்லை. ஒரே பூனை, ஆனால் காதுக்கட்டியை வெயில் தனியாகச் செய்திருக்கிறது, மூக்கில் வைரஸும் கூட்டு. நெகட்டிவ் என்றால் உண்மையாகவே நெகட்டிவ்தானா என்ற கேள்வியும் உண்டு. இந்த ஆன்டிபாடிகள் மனிதத் திசுவுக்காகச் செய்யப்பட்டவை, பூனைத் திசுவில் எல்லா ரகமும் பிடிக்காது. பூனையில் சரிபார்த்த ரகமா, ஒப்பீட்டுக்குப் பூனைத் திசு வைத்தார்களா என்று லேபைக் கேட்டுவிட வேண்டும். எங்கள் விஷயத்தில் மூக்கு ஸ்லைடே பாசிட்டிவ் ஒப்பீடாக அமைந்துவிட்டது, அதே தொகுதியில் போட்ட காது நெகட்டிவ், ஆகவே நம்பினேன்.

எவ்வளவு நாள் இருக்கும்?

அம்மா இந்த நான்கையும் கேட்கவில்லை. அறிக்கையை மேசையில் வைத்துவிட்டு, "எவ்வளவு நாள் இருக்கும்னு மட்டும் சொல்லுங்க" என்றார்.

இந்தக் கேள்விக்கு ஆய்வுகளிலிருந்து ஒரு நாள் எண்ணிக்கையை எடுத்துச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை, காரணம் சொல்கிறேன். பூனைகளின் புற்று ஆய்வில் "உயிர்வாழ்ந்த காலம்" என்று எழுதியிருப்பது பெரும்பாலும் பூனை தானாக இறந்த நாள் கிடையாது. வளர்ப்பவர் போதும் என்று முடிவெடுத்து ஊசி போட்டுத் தூங்கவைத்த நாள். மூக்கில் புண் பரவி முகம் பார்க்க முடியாமல் போனால் ஒரு வீட்டில் அடுத்த வாரமே முடிவெடுப்பார்கள், இன்னொரு வீட்டில் ஆறு மாதம் துடைத்துவிட்டுச் சோறூட்டுவார்கள். நம் ஊரில் பலர் அந்த ஊசிக்கே சம்மதிப்பதில்லை. மார்க்கர் பாசிட்டிவ் குழு நீண்ட நாள் இருந்தது என்றால் அதில் கட்டியின் குணமும் இருக்கிறது, வைத்தியமும் இருக்கிறது, வீட்டுக்காரர் மனசும் இருக்கிறது. இத்தனையும் கலந்த சராசரியை எடுத்து ஒரு தும்பைக்குச் சொன்னால் அது ஜோசியம்.

நான் சொன்னது இதுதான். காதைப் பொறுத்தவரை, விளிம்பு சுத்தம், கணுவில் இல்லை, நாளங்களுக்குள் இல்லை. இந்தப் புற்று இருக்கும் இடத்திலேயே அரிக்கும் ரகம், வேறிடத்துக்குப் பரவுவது குறைவு, பரவினாலும் தாமதமாக, முதலில் பக்கத்துக் கணுவுக்கு. அதனால் காதுப் புற்று இத்தோடு முடிந்திருக்க நல்ல வாய்ப்பு, டி4 என்ற எழுத்தும் ஈ.ஜி.எஃப்.ஆரும் அதை மாற்றவில்லை. மூக்கு இன்னும் மேலோட்டமாக இருக்கிறது, இப்போதே கை வைத்தால் அடக்கலாம், திரும்ப வரும், வந்தால் மறுபடி செய்வோம். பி16 பாசிட்டிவ் என்பது கொஞ்சம் ஆறுதல். கூடவே ஒரு எச்சரிக்கையும்: வைரஸ் சம்பந்தப்பட்ட புண்கள் ஒன்றோடு நிற்பதில்லை, வெயிலே படாத தோலில்கூட மேலடுக்குக்குள் அடங்கிய திட்டுகளாகப் பல இடத்தில் கிளம்பும். ஆகவே முகத்தை மட்டும் பார்க்காமல் மாதம் ஒருமுறை உடம்பு முழுக்க விரலால் தடவிப் பாருங்கள், பொருக்கோ கருத்துத் தடித்த திட்டோ தட்டுப்பட்டால் போட்டோ அனுப்புங்கள். நான்கு மார்க்கருக்குக் கொடுத்த பணத்தில் நடைமுறையில் எதையாவது மாற்றியது இந்த ஒரு அறிவுரைதான்.

மூக்குக்கு வழிகள் பல. மூக்கு நுனியையே வெட்டியெடுக்கலாம், ஆழமாக இறங்கிய புற்றுக்கு அதுதான் சரி, பார்க்கக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கும் ஆனால் பூனை நன்றாகவே வாழும். மேலோட்டமான புண்ணுக்கு ஸ்ட்ரான்ஷியம்-90 தகட்டைத் தொட்டு வைக்கும் கதிர்வீச்சு வெளிநாட்டில் அருமையான பலன் தந்திருக்கிறது, மூன்று மி.மீ.க்குக் கீழே அந்தக் கதிர் எட்டாது என்பதால் ஆழமான கட்டிக்கு ஆகாது. எங்கள் எல்லைக்குள் அது கிடைக்காது. திரவ நைட்ரஜனால் உறையவைப்பது கிடைக்கும், 4 மி.மீ. புண்ணுக்கு அது போதும். உறையவைத்து, தானாக இளக விட்டு, மறுபடி உறையவைத்தோம். பத்து நாளில் கருத்துப் பொருக்காகி உதிர்ந்து, அடியில் புதுத்தோல் வந்தது. இடது மூக்குத்துவாரம் ஒரு சின்ன வெட்டு விழுந்த மாதிரி ஆகிவிட்டது, சாப்பாட்டுக்கு அதனால் குறை இல்லை.

இடையில் உறவினர் ஒருவர் தனக்குத் தோல் மருத்துவர் கொடுத்த 5-ஃப்ளோரோயூராசில் களிம்பை, இதுவும் தோல் கேன்சருக்குத்தான் என்று கொடுத்தனுப்பியிருக்கிறார். நல்லவேளை தடவுவதற்கு முன் கேட்டார்கள். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். அந்தக் களிம்பு பூனைக்கு விஷம். கொஞ்சம் நக்கினாலே மூளையைத் தாக்கி வலிப்பு வந்து இறந்துபோகும். மனிதருக்கும் நாய்க்கும் கொடுக்கும் சிஸ்பிளாட்டின் என்ற புற்று மருந்தும் அப்படித்தான், பூனைக்கு நுரையீரலில் நீர் கோத்துச் சாகும். சன்ஸ்க்ரீன் பூசலாமா என்றும் கேட்டார்கள். கடையில் கிடைக்கும் பலவற்றில் ஜிங்க் ஆக்ஸைடோ சாலிசிலேட்டோ இருக்கும், பூனை தன்னைத்தானே நக்கிக்கொண்டே இருக்கும் பிராணி, வேண்டாம். காலை பத்திலிருந்து நான்கு வரை மாடிக்கதவைச் சாத்துங்கள், போதும். ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே படுத்தால் யு.வி.பி. பெரும்பாலும் தடுபடும், யு.வி.ஏ. உள்ளே வரும், ஒரு திரைச்சீலை தொங்கவிட்டால் நல்லது. முதல் வாரம் முழுக்கக் கதவடியில் உட்கார்ந்து கத்தித் தீர்த்ததாம். பிறகு வாஷிங் மெஷின் மேல் இடம் பிடித்துக்கொண்டது.

மூன்றாம் மாதச் சோதனையில் காது இரண்டும் சுத்தம், கணு வீக்கம் வற்றியிருந்தது. ஆறாம் மாதம் அம்மாவே கண்டுபிடித்தார், கழுத்துக்குக் கீழே மார்பில், அடர்ந்த முடிக்குள்ளே, ஒரு ரூபாய் நாணயத்தில் பாதி அளவுக்குக் கருத்துத் தடித்த திட்டு. வெயிலே படாத இடம். எடுத்து அனுப்பியதில் மேலடுக்குக்குள் அடங்கிய புற்று, வைரஸோடு சேர்ந்து வரும் பவனாய்டு வகை, பி16 நிறைய. முழுசாக வந்துவிட்டது. அந்த இடத்தில் வேறு யாரும் தேடியிருக்க மாட்டார்கள். பதினான்காம் மாதம் மூக்கில் பழைய இடத்துக்குப் பக்கத்தில் 2 மி.மீ. பொருக்கு மறுபடி தலைகாட்டியது, மறுபடி உறையவைத்தோம். இந்த முறை மார்க்கர் எதுவும் போடவில்லை. பி16 மறுபடி பாசிட்டிவ் என்று வந்தாலும் அதையேதான் செய்திருப்போம், நெகட்டிவ் என்று வந்தாலும் அதையேதான் செய்திருப்போம்.

பதினெட்டாம் மாதத்தில் எடை 3.0 கிலோ, தண்ணீர் அதிகம் குடிக்கிறது, கிரியாட்டினின் 2.4. வயதான பூனைக்கு வழக்கமாக வரும் சிறுநீரகத் தளர்ச்சி, இரண்டாம் நிலை. காதில் புற்று திரும்பவில்லை, மூக்கு அமைதியாக இருக்கிறது. வலி மாத்திரையாக மெலாக்ஸிகாம் தேவைப்பட்டால் இனி யோசித்துத்தான் கொடுக்க வேண்டும், அடுத்த மயக்கத்துக்கு முன் ஒருநாள் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருக்கும். உணவைச் சிறுநீரகத்துக்கான ஈர உணவாக மாற்றியிருக்கிறோம். மீன் இல்லாமல் தொட மாட்டேன் என்கிறது, அதனால் அவித்த சாளை மீனை ரெண்டு விரல் அளவு மேலே உதிர்த்துப் போட அனுமதித்திருக்கிறேன். அடுத்த ரத்தப் பரிசோதனை ஆறு வாரம் கழித்து, ரத்த அழுத்தமும் அன்றைக்கே பார்ப்பதாக இருக்கிறோம்.